யோருபா எழுத்தும் உச்சரிப்பும்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் வேலை பார்த்த நாட்களில் யோருபா கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அப்புறம் அங்கே வந்த தமிழ் நண்பர்கள் சிலருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இந்தப் பக்கம்.

படிப்பதற்கு முன் ஒரு ஏற்பாடு. யோருபாச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். யோருபாவில் சில எழுத்துகளுக்கு அடியில் புள்ளி உண்டு. ஏ, ஓ என்று வந்தால் அது புள்ளியில்லாத எழுத்து. எ, ஒ என்று வந்தால் புள்ளி வைத்த எழுத்து. குறில் நெடில் வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘க்க’, ‘ட்ட’ என்று இரட்டித்திருப்பது மெலிந்து ஒலித்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும்; அழுத்த வேண்டாம். அடைப்புக்குள் இருக்கும் மேல், நடு, கீழ் ஆகியவை ஒவ்வோர் அசையின் தொனி, அதாவது குரலின் உயரம்.

யோருபா எங்கே பேசப்படுகிறது?

நைஜீரியாவின் தென்மேற்கில். லாகோஸ், இபாதான், அபெஓகுட்டா, இலே-இஃபெ எல்லாம் யோருபா ஊர்கள். பக்கத்து நாடான பெனினிலும் டோகோவிலும் பேசுகிறார்கள். மொத்தம் 4 கோடிப் பேருக்கு மேல். அடிமை வணிகத்தில் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியாகக் கியூபாவிலும் பிரேசிலிலும் வழிபாட்டுப் பாடல்களில் இந்த மொழி இன்னும் ஒலிக்கிறது. மொழியின் பெயரையே சரியாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: யோருபா (நடு–கீழ்–மேல்). நடுவில் இறங்கி, கடைசியில் ஏறுகிறது.

மொத்தம் எத்தனை எழுத்து? ஆங்கில எழுத்துத்தானா?

25 எழுத்து. ஆங்கிலத்தின் 26-இல் சி, க்யூ, வி, எக்ஸ், இசட் ஐந்தையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 21. அதோடு அடியில் புள்ளி வைத்த ஈ, புள்ளி வைத்த ஓ, புள்ளி வைத்த எஸ், ஜியும் பியும் ஒட்டிய ‘ஜிபி’ என்று நான்கைச் சேர்த்தால் கணக்கு சரி.

வரிசை இப்படி: ஏ, பாம்பே பி, டெல்லி டி, ஈ, புள்ளி ஈ, எஃப், ஜி, ஜிபி, ஹெச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ, புள்ளி ஓ, பேப்பர் பி, ஆர், எஸ், புள்ளி எஸ், டைகர் டி, யு, டபிள்யு, ஒய்.

இது நாம் அடையாளம் காண்பதற்கான பட்டியல். அங்கே குழந்தைகள் இப்படிச் சொல்வதில்லை. மெய்யெழுத்தோடு ‘இ’ சேர்த்து பி, டி, ஃபி, கி என்று ஓதுவார்கள். சி இல்லாததால் ஏ, பி-க்கு அடுத்தது டி. அதனால் அரிச்சுவடிக்கே ‘ஆபிடி’ என்று பெயர்.

ஆங்கிலத்தைவிட இதில் ஒரு நிம்மதி: ‘என்’ தவிர, ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே ஒலி. ‘இகி’ (நடு–நடு) என்றால் மரம். ஜி எழுத்துக்குப் பிறகு ‘இ’ வந்தாலும் அது ஒருபோதும் ‘இஜி’ ஆகாது. அகராதி புரட்டும்போது மட்டும் கவனம்: ஜிபி தனி எழுத்து, ஜியில் தொடங்கும் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

அடியில் இருக்கும் புள்ளியை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

வேறு சொல் ஆகும். எஸ் எழுத்தில் புள்ளி வைத்தால் ‘ஷ’, இது எளிது. ஈயிலும் ஓவிலும் வைக்கும் புள்ளிதான் நம்மைப் படுத்தும்.

‘ஓவோ’ (நடு–மேல்) என்றால் பணம். ‘ஒவொ’ (நடு–மேல்) என்றால் கை. தொனி இரண்டிலும் ஒன்றே. வாய் திறக்கும் அளவு மட்டும் வேறு. புள்ளியில்லாத ஓ, நம் ‘போ’வில் வருகிற மாதிரி உதடு குவிந்து வரும். புள்ளி வைத்த ஒ-வுக்கு வாயை இன்னும் திறக்க வேண்டும். அந்த ஒலி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: காஃபி, ஹால், டாக்டர் என்று எழுதிவிட்டு நாம் வாயால் சொல்வது ‘கா’வும் இல்லை ‘கோ’வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் கால் போட்டு ஒப்பேற்றுகிறோம். அதேதான் இது. புள்ளியில்லாத ஏ, ‘பேர்’ என்பதில் வருவது. புள்ளி வைத்த எ, ஆங்கில ‘பெட்’, ‘எக்’ இவற்றில் வருவது.

நான் ஏ/எ, ஓ/ஒ என்று பிரித்து எழுதுவதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. பழந்தமிழ் எழுத்திலும் எகர ஒகரக் குறில்களுக்குத்தான் புள்ளி. நெடிலுக்குப் புள்ளி கிடையாது. தொல்காப்பியம் இதைச் சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் இன்றைய வடிவங்கள் நிலைத்தன. நம் புள்ளி தலைமேல், யோருபாப் புள்ளி காலடியில். நம்முடையது நீளத்துக்கு, அவர்களுடையது வாயின் திறப்புக்கு. ஆனாலும் ஏட்டுச்சுவடியில் புள்ளியைத் தவறவிட்டுப் படித்தவர்களின் பாடு எனக்கு இபாதானில்தான் புரிந்தது.

தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் நானே அதைத்தான் செய்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்: நோட்டுப் புத்தகத்தில் வேண்டாம். முதல் மாதம் நான் அப்படித்தான் எழுதினேன். ‘ஆக்போ: பை’ என்று ஒரு பக்கம். ‘ஆக்போ: ஆட்டுக்கிடாய்’ என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தொனி கீழ்–கீழ். என் நோட்டுப்படி பையும் கிடாயும் ஒன்றே.

உண்மையில் முதலாவதில் இருப்பது பேப்பர் பி, இரண்டாவதில் இருப்பது ஜிபி. வல்லொலியும் மெல்லொலியும் நம் காதுக்கு நன்றாகத் தெரியும். பந்து, பம்பரம் இரண்டையும் யாரும் ஒரே ப-வால் தொடங்கிச் சொல்வதில்லை. எழுத்துத்தான் ஒன்று. யோருபாவில் எழுத்தே வேறு. எனவே இரண்டாம் நாளிலிருந்தே அவர்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

பேப்பர் பி ஏன் ‘க்ப’ ஆகிறது? ஜிபி எப்படிச் சொல்வது?

யோருபாவில் வெறும் ‘ப’ ஒலி, அதாவது படம், பல்லி என்பவற்றில் வரும் அழுத்தமான ப, கிடையாது. அந்த எழுத்து சும்மா இருந்ததால் ‘க்ப’வுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பேக்பேக் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் க்-கும் ப-வும் அடுத்தடுத்து வருகின்றன. அக்பர் என்று சொல்லிப் பாருங்கள். அங்கே வருவது ஜிபி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நாம் ‘அக்’ என்று நிறுத்தி ‘பர்’ என்கிறோம். யோருபாவில் அந்த நிறுத்தம் கூடாது. உதட்டை மூடுங்கள், மூடியபடியே நாக்கின் பின்பகுதியை க சொல்லும் இடத்தில் ஒட்டுங்கள், இரண்டையும் ஒரே நொடியில் விடுங்கள். தண்ணீரில் கூழாங்கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதலில் வெறும் காற்று வரும், கவலை வேண்டாம்.

அசை பிரிக்கும்போது க்ப முழுவதும் அடுத்த அசைக்குத்தான் சொந்தம். காலம் என்ற பொருளில் வரும் ‘இக்பா’ (கீழ்–கீழ்) என்பதை இ–க்பா என்று பிரிக்க வேண்டும், இக்–பா என்று அல்ல. ‘எல்லாம்’ என்பதற்கு ‘க்போக்போ’. பயிற்சிக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. குளியலறையில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் யாராவது கேட்டால் இருமல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொனி என்கிறார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

எழுத்துக்கு ஒரு வாரம் போதும். மிச்ச நாளெல்லாம் தொனிக்குத்தான்.

மூன்று தொனி: மேல், நடு, கீழ். மேல் தொனிக்கு உயிரெழுத்தின் தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு. கீழ்த் தொனிக்கு வலப்பக்கம் இறங்கும் கோடு. நடுத்தொனிக்கு ஒன்றும் இல்லை. கோட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆமி ஓஹுன்’, குரலின் குறி என்று பொருள்.

எல்லாப் பாடநூலும் காட்டும் உதாரணம் இது:

ஒக்கொ (நடு–நடு): கணவன்
ஒக்கொ (நடு–மேல்): மண்வெட்டி
ஒக்கொ (நடு–கீழ்): வண்டி
ஒக்கொ (கீழ்–கீழ்): ஈட்டி

‘இக்பா’வும் இதே மாதிரி. நடு–நடு என்றால் 200; நடு–மேல் என்றால் சுரைக்குடுக்கை; கீழ்–கீழ் என்றால் காலம்; நடு–கீழ் என்றால் பனையேறிகள் இடுப்பில் கட்டும் கயிறு. ‘இயா’ (கீழ்–மேல்) அம்மா. கடைசியில் ஏற மறந்து கீழ்–கீழ் என்று விட்டால் துன்பம். ‘பாட்டா’ (கீழ்–கீழ்) செருப்பு, இது நமக்கு மறக்காது. கீழ்–மேல் என்றால் ஒரு வகை மேளம்.

இனி என் கதை. நான் குடியிருந்த தெருமுனையில் காலையில் ஓர் அம்மா ஆக்காரா (கீழ்–கீழ்–கீழ்) சுடுவார். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பொரிக்கும் வடை; நம் ஊர் ஆள் ஒரு வாய் தின்றால் போதும், மறுநாளும் வந்து நிற்பான். அதற்குத் தொட்டுக்கொள்ள ‘எக்கொ’ (கீழ்–நடு), இலையில் கட்டி இறுகவைத்த சோளக் கூழ். ஒருநாள் அது இருக்கிறதா என்று கேட்க நினைத்து, “எக்கொ?” என்றேன். கேள்வியாயிற்றே, நம் வழக்கப்படி கடைசியில் குரலை மேலே இழுத்தேன். கீழ்–மேல் ஆகிவிட்டது. அதற்குப் பாடம், படிப்பு என்று பொருள். அந்த அம்மா கரண்டியைத் தூக்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.

அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். தமிழில் ராகம் பேசுகிறவனுடையது. கோபமோ கேள்வியோ கொஞ்சலோ, அவன் இஷ்டம். யோருபாவில் ராகம் சொல்லுக்குச் சொந்தம். அதில் நாம் கை வைக்கக் கூடாது.

அப்படியானால் கேள்வி எப்படிக் கேட்பது?

வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஷே’ (மேல்) என்று போட்டால் கேள்வி. நாம் கடைசியில் ‘ஆ’ சேர்ப்பதை அவர்கள் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். குரலை ஏற்ற வேண்டியதில்லை.

சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சுலபமா?

கொஞ்சம். அங்கே பள்ளிகளில் மூன்று தொனியையும் மேற்கத்திய சுரங்களான தோ, ரே, மி என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள்: கீழ் தோ, நடு ரே, மேல் மி. நமக்கு ச, ரி, க என்று வைத்துக்கொள்ளலாம். ஆக்காரா என்றால் ச–ச–ச. யோருபா என்றால் ரி–ச–க.

ஆனால் சுருதிப்பெட்டி வைத்துப் பேச முடியாது. பெண் குரலில் கீழ்த் தொனி, ஆண் குரலின் மேல் தொனியைவிட உயரமாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது அதே ஆளின் அடுத்த அசையோடுதான். நீண்ட வாக்கியத்தில் போகப் போக மொத்தக் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடைசியில் வரும் மேல், முதலில் வந்த மேலைவிடத் தாழ்வாக இருப்பது இயல்பு.

‘துன்துன்’ என்ற பேசும் மேளத்தைக் கேளுங்கள். நம் உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த வடிவம். அக்குளில் இடுக்கி, பக்கத்துக் கயிறுகளை அழுத்தினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். விருந்துகளில் வருகிற ஆளின் பெயரையும் குலப்பெருமையையும் மேளக்காரர் அடித்தே சொல்வார். சொல்லே இல்லாமல் தொனியை மட்டும் வைத்து அது என்ன என்று உள்ளூர்க்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள்.

பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் கோட்டையே காணோமே?

காணாதுதான். வாட்ஸப்பிலும் பெரும்பாலும் போட மாட்டார்கள். அவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். ‘பாவம்’ என்று எழுதியிருந்தால் அது பாவ புண்ணியமா, நாட்டியத்தில் வரும் பாவமா என்று நமக்கு யாராவது சொல்லவா வேண்டும்? அதே கதை.

கற்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடில்லாத பாடநூலை வாங்காதீர்கள். பிபிசி 2018-இல் தொடங்கிய யோருபாச் சேவை புள்ளியும் கோடும் போட்டு எழுதுகிறது. வாசித்துப் பழக நல்ல இடம்.

சொல்லின் கடைசியில் ‘ன்’ எழுதுகிறார்கள், ஆனால் காதில் விழவில்லையே?

அது ன் இல்லை. முன்னால் உள்ள உயிரெழுத்தை மூக்கால் சொல் என்பதற்கான அடையாளம். யோருபாவில் எந்தச் சொல்லும் மெய்யில் முடிவதில்லை.

இந்த ஒலிக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘வந்தான்’ என்பவற்றை வேகமாகச் சொல்லும்போது உதடும் நாக்கும் எதையும் தொடுவதில்லை. உயிரொலி மூக்கில் கரைந்து நிற்கிறது. அதேதான். பாடம் வாசிக்கிற மாதிரி ‘ன்’னை அழுத்திச் சொன்னால்தான் தவறு.

எண்கள் இதற்கும் தொனிக்கும் சேர்த்துப் பயிற்சி. ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாம் கீழ்த் தொனியில் தொடங்கும். இரண்டாவது அசைதான் மாறும். நான் வரிசையை விட்டுவிட்டுத் தொனி வாரியாக மனப்பாடம் செய்தேன்.

கீழ்–நடு: ஒக்கன் 1, எட்டா 3, எரின் 4, ஏஜே 7, எஜொ 8.
கீழ்–கீழ்: ஏஜி 2, எஃபா 6.
கீழ்–மேல்: ஆருன் 5, எசான் 9, எவா 10.

எட்டா என்றால் 3, ஆருன் என்றால் 5 என்பது தமிழ் மூளைக்கு ஏறச் சில வாரம் பிடிக்கும். சந்தையில் அதற்குள் சில நைரா (நைஜீரியப் பணம்) போகும்.

தனியாக ஒரு ‘என்’ எழுத்து, அதன் தலையில் கோடு. அது என்ன?

அதுவே ஓர் அசை. ‘மோ ன் லொ’ என்றால் நான் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் நிற்கும் ‘ன்’ மேல் தொனியில் ஒரு தாளம் முழுக்க ஒலிக்கும். பின்னால் வரும் எழுத்தைப் பொறுத்து உருவம் மாறும்: வருகிறேன் என்பதற்கு ‘மோ ன் பொ’ என்று எழுதி, ‘ம்’ என்று சொல்கிறார்கள். ‘என் பொண்ணு’ நம் வாயில் ‘எம்பொண்ணு’ ஆவது போலத்தான். க வந்தால் ‘ங்’.

தமிழ் பேசுகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் சறுக்கல் நமக்கே தெரியாது. ‘எங்கே’ என்பதை நாம் ‘யெங்கே’ என்கிறோம், ‘ஒரு’ என்பதை ‘வொரு’ என்கிறோம். இதே பழக்கத்தில் பணத்தை ‘வோவோ’ என்றும், கூழை ‘யெக்கொ’ என்றும் சொல்லிவிடுவோம். அங்கே ய-வும் வ-வும் தனி எழுத்துகள். சும்மா முன்னால் ஒட்ட முடியாது. இரண்டு மாதம் கழித்து என் ஆசிரியர் சொன்ன பிறகுதான் எனக்கே இது காதில் விழுந்தது.

அடுத்தது நீட்டுவது. மேல் தொனி வந்தால் நாம் அறியாமலேயே நெடிலாக்குகிறோம். உயரத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. நீள வேண்டிய இடத்தில் எழுத்தையே இரண்டு, மூன்று முறை எழுதி ஒவ்வொன்றுக்கும் தொனி போட்டிருப்பார்கள். காலை வணக்கம் ‘எ கா-ஆ-ஆ-ரொ’. நடுவில் இருக்கும் மூன்று ஆகாரமும் மேல், கீழ், மேல் என்று அசையும். ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு வர வேண்டும்.

பிரதிப்பெயர்களில் அவசரப்படக் கூடாது. ‘ஓ லொ’ என்பதில் ஓ நடுவில் இருந்தால் நீ போனாய். மேலே இருந்தால் அவனோ அவளோ போனது. மரியாதைக்கு ‘எ’ இருக்கிறது, நம் ‘நீங்கள்’ போல. பெரியவர்களுக்கு நன்றி சொல்ல ‘எ ஷே’ (நடு–மேல்). ‘ஓ ஷே’ என்பது சின்னவர்களுக்கு. இதில் அவர்கள் நம்மைவிடக் கறார்.

சொற்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றனவே?

உயிரும் உயிரும் சந்தித்தால் ஒன்று போய்விடும். மாடு + இல்லை = மாடில்லை என்று பழகிய நமக்கு இது புதிதல்ல. துவை ‘ஃபொ’, துணி ‘அஷொ’, சேர்ந்தால் ‘ஃபொஷொ’. இடத்தைக் குறிக்கும் ‘நி’, வீடான ‘இலே’வோடு சேர்ந்தால் ‘நிலே’, வீட்டில். ஆனால் இ தவிர்த்த உயிர் வந்தால் ந மறைந்து ல ஆகும்: நி + ஓவோ = ‘லோவோ’, பணம் வைத்திருப்பது.

இன்னொன்று: அகராதியில் கீழ்த் தொனியோடு இருக்கும் ஓரசை வினைகள், பின்னால் பெயர்ச்சொல் வந்தால் நடுவுக்கு ஏறிவிடும். வாங்கு என்பது தனியே ‘ரா’ (கீழ்). மீன் வாங்கு என்றால் ‘ரா எஜா’, எல்லாமே நடு. அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்.

இந்த எழுத்துமுறையை யார் அமைத்தது?

முன்பு அரபு எழுத்திலும் யோருபா எழுதியிருக்கிறார்கள். இன்றைய முறை 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகளோடு வந்தது. அதில் முக்கியமானவர் வெள்ளைக்காரர் அல்ல: சாமுவேல் அஜாயி க்ரௌதர். 1821-இல் சிறுவனாக அடிமைக் கொள்ளையரிடம் பிடிபட்டு, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கடற்படை மீட்டு, சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிடப்பட்டவர். தாய்மொழிக்கான சொற்தொகுதியை 1843-இல் வெளியிட்டார். விவிலியத்தை யோருபாவுக்குக் கொண்டுவருவதில் பெரும்பங்கு அவருடையது. 1864-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார். 1859-இல் அபெஓகுட்டாவில் யோருபாவில் செய்தித்தாளே தொடங்கிவிட்டார்கள்.

பிறகு பல வருஷம் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 1974-இல் நைஜீரிய அரசு ஏற்ற விதிகள்தான் இன்று பள்ளியில். ஊர்ப் பெயர்களில் மட்டும் பழைய எழுத்து உட்கார்ந்திருக்கிறது: ஓஷோக்போ ஊரைப் புள்ளி எஸ் போடாமல் எஸ்-ஹெச் போட்டு எழுதுவார்கள். லாகோஸில் எபூட்டே மெட்டா என்ற இடத்துக்கு, தேவையே இல்லாமல் இரண்டு டைகர் டி. பெனின் நாட்டில் வழக்கம் வேறு. அங்கே க்ப ஒலியைக் கே-யும் பி-யும் சேர்த்தே எழுதுகிறார்கள், திறந்த ஒ-வுக்கு சி எழுத்தைத் திருப்பிப் போட்ட வடிவம்.

பிரபலமானவர்களின் பெயர்களை நாம் சரியாகத்தான் சொல்கிறோமா?

பாதிக்குப் பாதி. 1986-இல் இலக்கிய நோபல் பெற்றவரை சோயிங்கா என்று எழுதிவருகிறோம். அந்த எஸ்-ஸில் புள்ளி உண்டு, ஆகவே ஷோயிங்கா. முதல் பெயர் வொலே. முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் முதல் பெயர் ஓலுஷெகுன், ஒலுசெகுன் அல்ல. இபாதான், ஓயோ பக்கத்தில் ஷ-வையே ச என்று சொல்கிறவர்கள் உண்டு, அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். எழுதும்போது புள்ளி இருக்கும்.

ஆங்கிலச் சொற்கள் அங்கே போய் என்ன ஆகின்றன?

நம்மிடம் என்ன ஆகின்றனவோ அதே. பஸ்ஸு, காரு என்று நாம் உகரம் ஒட்டுவது போல, மெய்யில் முடியும் எதையும் அவர்களும் விடுவதில்லை. பிரெட் ‘புரெடி’, டேபிள் ‘டாபிலி’, டாக்டர் ‘டொக்கிட்டா’. ச் ஒலி இல்லாததால் சர்ச் ‘ஷொஒஷி’.

கைப்பேசியில் எப்படித் தட்டுவது?

ஜிபோர்டில் யோருபா விசைப்பலகை இருக்கிறது; எழுத்தை அழுத்திப் பிடித்தால் புள்ளியும் கோடும் வரும். விண்டோஸிலும் உண்டு. புள்ளியும் கோடும் ஒருசேர உள்ள எழுத்துகளுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு இல்லை, இரண்டை அடுக்கித்தான் வரவேண்டும். அதனால் சில எழுத்துருக்களில் கோடு பக்கத்து எழுத்தின் மேல் போய் நிற்கும். தேடும்போது குறியோடு ஒரு முறை, குறியில்லாமல் ஒரு முறை தேடுங்கள்.

பக்கத்தில் யோருபாக்காரர் யாரும் இல்லை. தனியாக எப்படிப் பழகுவது?

முதலில் வாயை மூடுங்கள். செய்தி ஒலிபரப்பில் ஒரு வாக்கியத்தை எடுத்து, சொற்களை விட்டுவிட்டு ‘ம்–ம்–ம்’ என்று ராகத்தை மட்டும் முனகுங்கள். நாலைந்து தடவை ஒத்துவந்த பிறகு சொற்களைப் போடுங்கள். கைப்பேசியில் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். பெயர்களுக்கு ‘யோருபாநேம்’ என்ற இணைய அகராதி தொனிக்குறியோடு பொருளும் தருகிறது. ஒரு பெயர், ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

முதல் வாக்கியமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: “மோ ன் கொ ஏடே யோருபா.” நான் யோருபா மொழி கற்கிறேன். மோ நடு, ன் மேல், கொ மேல், ஏடே கீழ்–கீழ், யோருபா நடு–கீழ்–மேல். அந்தக் ‘கொ’ மேலே இருக்கட்டும். நடுவுக்கு இறங்கினால் எழுதுகிறேன் என்றாகிவிடும். தனியாக நின்று கீழே போனால் மறுக்கிறேன்.